டேப்லெட்டின் பழைய சொந்தக்காரர்

பாடாங் செராயில் ஒரு பழைய டேப்லெட் கைமாறும்போது அதில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். விற்பவர், வாங்குபவர், அதைச் செய்த கம்பெனி. முதல் இரண்டு பேரும் கடை மேசையின் இரு பக்கமும் நின்றுகொண்டு இருநூறு வெள்ளியா, நூற்றெண்பது வெள்ளியா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது ஆள் அங்கே இருக்கமாட்டார். ஆனால் கடைசி வார்த்தை பெரும்பாலும் அவருடையதுதான்.

"எல்லாத்தையும் ரீசெட் பண்ணியாச்சு, புதுசு மாதிரி இருக்கும்." இந்த ஒரு வரியை நம்பித்தான் அந்த வியாபாரம் முடிகிறது. விற்றவர் தன்னுடைய படங்களும் பேச்சும் அழிந்துவிட்டன என்று நம்புகிறார். வாங்கியவர் இது இனி என்னுடையது என்று நம்புகிறார். இரண்டு நம்பிக்கைகளும் பல ஆண்டுகள் பொய்யாக இருந்தன. இன்றும் பாதிதான் உண்மை. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள அழித்தல் என்ற காரியத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், இந்தப் பழைய கருவிகள் தோட்டத்து வீடுகளுக்குள் எப்படி வந்தன என்று ஒரு வார்த்தை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் திரைக்குப் போனது. அந்த ஆண்டு கல்வி அமைச்சு ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பிள்ளைகளின் பெற்றோரிடம் எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. டேப்லெட் வைத்திருந்தவர்கள் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்டு இறுதியில் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசு சார்பு நிறுவனங்களின் 150 மில்லியன் வெள்ளியில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுப்பது அதன் இலக்கு. நாடு முழுக்க இருந்த தேவைக்கு முன் அது சின்ன எண். விக்டோரியா தோட்டம், ஹென்ரியேட்டா தோட்டம், பாடாங் மேஹா என்று பாடாங் செராயைச் சுற்றியிருக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஹேண்ட்போன் இருந்தால் அதுவே பெரிது. அந்தப் போனும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். அப்போது வேண்டியது ஒரு பழைய கருவி. பினாங்கில் வேலை செய்யும் சித்தப்பா மாற்றிவிட்டது, கடையில் அடுக்கிவைத்தது, யாரோ கழித்துக் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய சொந்தக்காரர் இருந்தார்.

நெய்யில் தோய்த்த ஏடு

எழுதியதை அழிப்பது கணினிக்கு முன்பே நமக்குப் பழகிய வேலைதான். அதற்கு முறையும் சடங்கும்கூட இருந்தன.

உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனதைச் சொல்கிறார். அங்கே ஏராளமான ஏட்டுச்சுவடிகள் இருந்ததாகக் கேள்விப்பட்டு ஆசையோடு போகிறார். கோயில் ஆள் சொன்ன பதில் வேறு. பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட வேண்டும் என்று சாஸ்திரம் சொல்வதால், அப்படியே செய்துவிட்டார்களாம். அப்படிச் சொல்லும் சாஸ்திரத்தையே முதலில் தீயில் போட வேண்டும் என்று ஐயருக்குத் தோன்றியது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும் அதே நூலில் படிக்கலாம்.

பனையோலை நம் வெயிலிலும் மழையிலும் நிரந்தரமாக இருக்காது. பூச்சி அரிக்கும், ஓரம் உடையும். அதனால் தலைமுறைக்கு ஒருமுறையாவது பிரதி எடுப்பதுதான் ஏடு உயிரோடிருக்கும் வழி. பிரதி எடுத்துவிட்டால் பழைய ஏட்டை என்ன செய்தாலும் நூலுக்குச் சேதமில்லை. நடந்த தவறு ஓமத்தில் இல்லை. பிரதி எடுக்கும் வேலை நின்றுபோன பிறகும் எரிக்கும் வேலை நிற்காமல் நடந்ததுதான் தவறு. இன்றைய சொல்லில் சொன்னால், பேக்கப் இல்லாத ரீசெட்.

மலாயாவில் அழித்தலுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதில் சாஸ்திரம் கிடையாது, அரசாங்கச் சுற்றறிக்கை உண்டு. 1957-இல் பிரிட்டிஷார் கிளம்புவதற்கு முன் எந்தக் கோப்பு புதிய அரசாங்கத்தின் கையில் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று பிரித்தார்கள். இருக்கக்கூடாதவற்றில் ஒரு பகுதி இலண்டனுக்குப் போனது. இன்னொரு பகுதி ஐந்து லாரிகளில் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குப் போய் அங்கிருந்த எரியுலையில் சாம்பலானது. காலனிகளிலிருந்து வெளியேறும்போது கோப்புகளை அழிக்கும் இந்த வேலைக்கு 'ஆபரேஷன் லெகசி' என்று பெயர். பிற்பாடு மற்ற காலனிகளுக்குப் போன வழிகாட்டுதல்கள் இன்னும் நுணுக்கமானவை. காகிதம் முழுக்கச் சாம்பலாக வேண்டும். அந்தச் சாம்பலையும் கிளறி உடைத்துவிட வேண்டும். எரிக்க முடியாவிட்டால் பாரமேற்றிய பெட்டியில் அடைத்து, நீரோட்டமில்லாத ஆழ்கடலில், கரையிலிருந்து முடிந்தவரை தூரத்தில் போட வேண்டும்.

இந்த விஷயம் 2011-இல்தான் வெளியே வந்தது. கென்யாவில் மாவ் மாவ் போராட்டத்தின்போது வதைபட்ட முதியவர்கள் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதால், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை தான் ஒளித்துவைத்திருந்த பல்லாயிரம் கோப்புகளை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவற்றில் மலாயாக் கோப்புகளும் இருந்தன. எரிந்தவை எரிந்தவைதான். அவசரகாலத்தில் தோட்டப்புறத்துக்கு என்ன நடந்தது என்று எழுத உட்காரும் யாருக்கும் அந்த ஐந்து லாரிகளின் இடம் காலியாகவே இருக்கும்.

சாம்பலைக்கூட உடைக்கச் சொன்ன அந்த அதிகாரிக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. அழித்ததுபோல் தெரிவது வேறு, அழிந்துபோவது வேறு. இந்த வேறுபாட்டைக் கணினிக் கம்பெனிகள் கற்றுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

வெளிச்சம் பட்டால் அழியும் ஞாபகம்

'தொழிற்சாலை நிலைக்கு மீட்டமை' என்று தமிழில் மாற்றிவைத்த டேப்லெட்டில் வரும். வேறு ஊர்க்காரருக்கு அது வெறும் கணினிச் சொல். குலிம், லுனாஸ், பாடாங் செராய்க்காரர்களுக்குத் தொழிற்சாலை என்பது அதிகாலையில் சாலை முனையில் வந்து நிற்கும் பேக்டரி பஸ்.

இன்டெல் கம்பெனி 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அது தொடங்கிய முதல் ஆலை அதுதான். அதைத் தொடர்ந்து வேறு கம்பெனிகள் வந்தன. பிறை, பாயான் லெப்பாஸ், 1996-இல் திறந்த குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா என்று வேலை கிழக்கே நகர்ந்து நம் பக்கம் வந்தது. பால்மரத்துக்குப் போன அம்மாவின் மகள் சிப் சோதிக்கும் மேசைக்குப் போனாள். அம்மா விடியுமுன் பெரட்டுக்கு நின்றாள் என்றால் மகள் ஷிப்டுக்கு நின்றாள். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியான காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த ஆலைச் சம்பளம்.

அதே காலத்தில் அதே கம்பெனியில்தான் அழிக்கக்கூடிய ஞாபகம் பிறந்தது. 1971-இல் இன்டெல் பொறியாளர் டோவ் ஃப்ரோமன் ஈப்ரோம் என்ற சிப்பைக் கொண்டுவந்தார். அதற்கு முன், நிரந்தரமாக எழுதிய சிப்பில் ஒரு பிழை இருந்தால் அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஈப்ரோமின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் எழுதியது எல்லாம் போய்விடும். மறுபடி எழுதலாம். வெயிலில் பல நாள் கிடந்தாலும் மெல்ல அழிந்துவிடும் என்பதால் ஜன்னலின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார்கள். மனிதன் செய்த ஞாபகத்தில் வெயிலுக்குப் பயந்தது அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. ஆனால் பழைய குடும்பப் புகைப்படங்களும் அப்படித்தான்.

அடுத்த படி ஜப்பானில் நடந்தது. தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா, ஒளியே தேவையில்லாமல் மின்சாரத்தாலேயே ஒரு பெரிய பகுதியை ஒரே நேரத்தில் அழிக்கக்கூடிய சிப்பை உருவாக்கி 1984-இல் உலகுக்குச் சொன்னார். அது அழியும் வேகத்தைப் பார்த்த அவருடைய சக ஊழியர் ஷோஜி அரிய்ஸுமிக்குக் கேமராவின் ஃபிளாஷ் ஞாபகம் வந்தது. பெயர் அப்படியே நின்றது: ஃபிளாஷ் மெமரி. இன்று உங்கள் டேப்லெட்டில், தம்ப் டிரைவில், கேமரா கார்டில் இருப்பது எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

கவனிக்க வேண்டியது, இந்தச் சிப்புக்குப் பெயர் வந்ததே அழிப்பதை வைத்துத்தான். ஆனால் அது அழிக்கும் விதம்தான் பிற்காலத்தில் எல்லாருடைய தலைவலியும் ஆனது. ஃபிளாஷில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடக்கும். அழிப்பது பெரிய பெரிய கட்டங்களாகத்தான் நடக்கும். அதோடு, ஒவ்வொரு கட்டத்தையும் குறிப்பிட்ட முறைக்கு மேல் அழித்து எழுதினால் அது தேய்ந்துவிடும். அதனால் சிப்புக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தேய்மானத்தைச் சமமாகப் பங்கிடுகிறது. பழைய படத்தின் மேல் புதிய படத்தை எழுதச் சொன்னால், அது புதியதை வேறொரு கட்டத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தை 'இனி தேவையில்லை' என்று குறித்து வைத்துக்கொள்ளும். பழைய படம் அங்கேயே கிடக்கும். கணக்குப் புத்தகத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள், ஆள் இன்னும் அதே லயத்தில் குடியிருக்கிறார் என்பதுபோல.

பொத்தான் வந்த கதை

ரீசெட் என்ற எண்ணமே முதலில் அந்தரங்கத்துக்காக வந்ததில்லை. பிழைத்துக்கொள்வதற்காக வந்தது.

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினி தன் அமைப்புகளைப் பேட்டரியால் ஓடும் ஒரு குட்டி நினைவகத்தில் வைத்துக்கொண்டது. யாராவது தவறாக மாற்றி, கணினி எழுந்திருக்காமல் போனால், அந்த நினைவகத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி எல்லாவற்றையும் மறக்கடிக்கலாம். கடையில் கணினி பழுதுபார்ப்பவர்கள் அந்தப் பேட்டரியைக் கழற்றிப் போடுவது இதனால்தான். 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியின் முதுகில் ஒரு துளை இருக்கும். அதில் பேப்பர் கிளிப்பை விட்டு அழுத்த வேண்டும். மின்சாரப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் உள்ளே இருந்த முகவரி, குறிப்பு எல்லாம் காலி. இதெல்லாம் கருவி முரண்டுபிடித்தால் அதைக் காப்பாற்றும் வைத்தியம். அதை இன்னொருவருக்கு விற்பதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

2008-இல் ஆண்ட்ராய்டு போன்களும் 2010-இல் ஐபேட், கேலக்ஸி டேப் முதலிய டேப்லெட்டுகளும் வந்தபோது கதை மாறியது. ஆண்டுக்கு ஒரு புது மாடல், அதனால் ஆண்டுக்கு ஒரு பழைய மாடல். கருவி கைமாறுவது சாதாரணமானது. வைத்தியத்துக்கு இருந்த பொத்தான் இப்போது வீடு காலி செய்யும் பொத்தானாகவும் ஆனது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

'தொழிற்சாலை நிலை' என்ற பெயர் உண்மையும் இல்லை. டேப்லெட்டின் சேமிப்பு பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயங்குதளம் ஓர் அறையில், நம் படம், செயலி, கணக்கு எல்லாம் இன்னோர் அறையில். ரீசெட் செய்தால் இரண்டாவது அறை மட்டும்தான் காலியாகிறது. முதல் அறையைத் தொடுவதில்லை. அதனால் ஆண்ட்ராய்டு 9-க்கு மேம்படுத்திய டேப்லெட்டை ரீசெட் செய்தால் அது பெட்டியிலிருந்து எடுத்த நாளின் ஆண்ட்ராய்டு 7-க்குத் திரும்பாது. 9-லேயே நிற்கும். தேய்ந்த பேட்டரி தேய்ந்தபடியே இருக்கும். செருகியிருக்கும் மெமரி கார்டையும் சாதாரண ரீசெட் தொடாது. ரீசெட் செய்த டேப்லெட்டை வாங்கிவந்து, கார்டில் முன்னாள் சொந்தக்காரரின் குழந்தைக்குக் காதுகுத்திய படங்களைப் பார்ப்பது நடக்கக்கூடிய ஒன்று.

காலி வீட்டில் இருந்தவை

அழித்தது உண்மையில் அழிகிறதா என்ற கேள்வியை முதலில் பெரிய அளவில் சோதித்தவர்கள் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபின்கெலும் அபி ஷெலாட்டும். 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கினார்கள். ஓடியவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் மருத்துவ விவரம், காதல் கடிதம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள். ஒன்று ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது போலிருந்தது. 2003-இல் கட்டுரை வந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து அதே கேள்வி போனுக்கு வந்தது. 2014-இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இணையத்தில் இருபது பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி, அழித்ததாகச் சொல்லப்பட்டவற்றிலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை மீட்டது. அவற்றில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் குழந்தைகள் இருந்த குடும்பப் படங்கள். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லோரோன் சிமோனும் ராஸ் ஆண்டர்சனும் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களை ஆராய்ந்தார்கள். ஐந்து கம்பெனிகள், ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரை. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பிறகும் தரவு மீண்டது. பத்தில் எட்டு முறை, முன்னாள் சொந்தக்காரரின் கூகள் கணக்குக்குள் நுழையப் போதுமான அடையாளச் சாவியே கிடைத்தது. உலகில் அப்போது ஐம்பது கோடிக் கருவிகள்வரை இப்படிச் சரியாக அழிக்கமுடியாத நிலையில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

ஐம்பது கோடி என்பது பெரிய எண், அதனாலேயே மனதில் நிற்பதில்லை. ஒரு சின்ன ஊரில் வைத்துப் பாருங்கள். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும் ஊர். ஒரு பெண்ணின் படம் இன்னொருவர் கையில் கிடைத்தால் அதற்குப் பிறகு அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்பதே கஷ்டமாகிவிடும். ரீசெட் வேலை செய்கிறதா என்பது அங்கே மானக் கேள்வி. மலேசியாவில் 2013 நவம்பர் முதல் அமலில் இருக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும். இரண்டு தனியாட்களுக்கு நடுவே கைமாறிய டேப்லெட்டில் இருந்து எதாவது வெளியேறினால், அந்தச் சட்டம் வந்து நிற்காது.

இதற்குத் தீர்வு அழிப்பதை இன்னும் நன்றாகச் செய்வதில் கிடைக்கவில்லை. எழுதும்போதே பூட்டி எழுதுவதில் கிடைத்தது. எல்லாத் தரவையும் ஒரு சாவியால் மறையாக்கம் செய்து எழுதுவது. ரீசெட் செய்யும்போது தரவைத் தேடித் தேடி அழிக்கவேண்டியதில்லை, அந்தச் சாவியை மட்டும் அழித்தால் போதும். மீதி எல்லாம் யாராலும் படிக்கமுடியாத குப்பை. சாம்பலை உடைக்கும் வேலையை முன்கூட்டியே செய்து வைத்துவிடுவது மாதிரி. ஐபோன்கள் 2009-இலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு 2015-இல் 6-ஆம் பதிப்பில் புதுக் கருவிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் வேகம் குறைந்த சிப் வைத்த மலிவுக் கருவிகளுக்கு விலக்கு கொடுத்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோதுதான் அந்த விலக்கு எடுக்கப்பட்டது.

இந்த நான்கு ஆண்டு இடைவெளியை யார் வாங்கினார்கள் என்று யோசிக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி வைத்திருந்தவருடைய இரகசியம் 2015-இலிருந்து பாதுகாப்பு. முந்நூறு வெள்ளி டேப்லெட் வாங்கியவருடையது நான்கு ஆண்டுகள் கழித்து. 2020-இல் நம் பிள்ளைகளின் கைக்கு வந்த பழைய கருவிகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் செய்யப்பட்டவைதான்.

பூட்டு

விற்பவரின் பயத்துக்கு ஒரு மாதிரி பதில் கிடைத்தது. வாங்குபவரின் பிரச்சினை அப்போதுதான் தொடங்கியது.

2010-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் போன் பறிப்பு பெருகியது. பறித்த போனை ரீசெட் செய்தால் யாருடையது என்ற தடயமே இல்லாமல் விற்கலாம். அதாவது ரீசெட் பொத்தான் திருடனுக்கும் உதவியது. 2013 செப்டம்பரில் ஆப்பிள், ஐஓஎஸ் 7-இல் ஒரு பூட்டைக் கொண்டுவந்தது. கருவியை முழுக்க அழித்தாலும் பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல் இல்லாமல் அது திறக்காது. 2014-இல் மினசோட்டாவும் கலிபோர்னியாவும் இப்படிப்பட்ட பூட்டு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டன. 2015 ஜூலை முதல் செய்யப்பட்டு கலிபோர்னியாவில் விற்கும் போன்களுக்கு அது கட்டாயம். அந்த ஆண்டு மார்ச்சில் ஆண்ட்ராய்டு 5.1 அதே வகைப் பூட்டோடு வந்தது. சட்டம் ஸ்மார்ட்போனுக்குத்தான். ஆனால் அதே மென்பொருள் டேப்லெட்டிலும் ஓடுவதால் பூட்டும் கூடவே வந்தது. கலிபோர்னியாவில் எழுதிய சட்டம் கெடாவில் ஒரு டேப்லெட்டைத் திறக்கவிடாமல் நிறுத்துவது இப்படித்தான்.

இந்தப் பூட்டின் நுட்பம் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய், கடவு எண் கொடுத்து ரீசெட் செய்தால் பூட்டு விலகிவிடும். அப்படியில்லாமல், அணைத்துவைத்து, சத்தப் பொத்தானையும் மின்சாரப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி உள்ளே போய் ரீசெட் செய்தால் பூட்டு நிற்கும். மறுபடி எழும்போது முன்பு இருந்த கூகள் கணக்கைக் கேட்கும். திருடன் செய்யக்கூடியது இரண்டாவது வழி. கடவு எண்ணை மறந்துபோன தாத்தா செய்வதும் அதுதான். இயந்திரத்துக்கு இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஒரு கம்பெனியோ பள்ளியோ மொத்தமாக வாங்கிப் பதிவு செய்த கருவியாக இருந்தால் இன்னும் கஷ்டம். எத்தனை முறை ரீசெட் செய்தாலும், இணையத்தைத் தொட்டவுடன் அது தன் பழைய முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடும். அவர்களுடைய கட்டுப்பாடுகள் மறுபடி வந்து உட்காரும். கழிவாகப் போட்ட பிறகு பெயரை நீக்க வேண்டியது அந்த நிறுவனம். நீக்க மறந்தால், மூன்றாம் கையில் வாங்கிய குடும்பத்திடம் இருப்பது ஒரு கண்ணாடிப் பலகை. அப்படிப்பட்ட பலகைகள் கடைசியில் மின்கழிவு. இந்நாட்டு விதிகளில் அதற்கு எஸ்டபிள்யூ 110 என்று ஒரு எண் இருக்கிறது.

சாவும் இதே பூட்டின் முன்னால் வந்து நிற்கிறது. அப்பா இறந்து, அவருடைய டேப்லெட் மேசையில் இருக்கிறது. எண் யாருக்கும் தெரியாது. கடைக்குக் கொண்டுபோனால் "அழிச்சாதான் திறக்கும்மா" என்பார்கள். அழித்தால் கருவி கிடைக்கும், அதுவும் பழைய கணக்கு தெரிந்தால்தான். உள்ளே இருக்கும் அவர் குரல் போய்விடும். கம்பெனிகள் இதற்கு வழி வைக்காமல் இல்லை. கூகள் 2013-இலேயே, கணக்கு நெடுநாள் பயன்படாமல் கிடந்தால் அதை யாரிடம் கொடுப்பது என்று முன்கூட்டிச் சொல்லிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2021 டிசம்பரில் வாரிசுத் தொடர்பாளர் வசதியைக் கொடுத்தது. இரண்டையும் உயிரோடு இருக்கும்போதே செய்துவைக்க வேண்டும். நம் வீடுகளில் உயில் எழுதச் சொன்னாலே "ஏன், எப்ப போவேன்னு பாக்குறியா?" என்று கேட்பார்கள்.

எதை அழிக்கிறோம்

இந்த வரலாற்றைத் தோட்டப்புறத்தோடு சேர்த்துப் படிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்டேட் மக்களின் ஆவணங்கள் எப்போதும் வேறொருவர் கையில் இருந்தன. கிராணியின் செக்ரோலில் பேர் இருந்தது. துரையின் அலுவலகத்தில் கணக்கு இருந்தது. கோப்புகள் அரசாங்கத்திடம் இருந்தன, அதில் ஒரு பகுதி சாம்பலானது. தோட்டம் விற்கப்பட்டபோது அலுவலகக் காகிதங்களுக்கு என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. மக்களிடம் இருந்தவை சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய நாலைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள்.

முதல் முறையாக ஓர் ஆவணக்காப்பகம் மக்களின் கையிலேயே வந்தது கேமரா வைத்த போனும் டேப்லெட்டும் வந்தபோதுதான். தோட்டக் கோயில் திருவிழா, லயத்து வீடு இடிபட்ட நாள், பள்ளி இடம் மாறுவதற்கு முந்தைய கடைசி ஆண்டு விழா, பாட்டி பாடிய தாலாட்டு, அவள் சொன்ன ஜப்பான்காரன் காலத்துக் கதை. யாரும் இதை ஆவணம் என்று நினைத்து எடுக்கவில்லை. சும்மா எடுத்தார்கள். லுனாஸ், குலிம், சுங்கை பட்டாணி வட்டாரத்து வாழ்க்கையை எழுத உட்காரும் இளம் எழுத்தாளருக்கு நாளைக்கு வேண்டியிருப்பது இந்தச் 'சும்மா' எடுத்தவைதான். அவை இருப்பது ஆண்டுக்கு ஒருமுறை கைமாறும், நூற்றெண்பது வெள்ளிக்கு விலைபோகும் கருவிகளில்.

அதனால் ரீசெட் செய்யாதீர்கள் என்று சொல்ல முடியாது. கட்டாயம் செய்ய வேண்டும். அடுத்தவர் கையில் நம் குடும்பத்தைக் கொடுத்துவிட்டு வர முடியாது. வரிசைதான் முக்கியம். முதலில் படம், குரல், கடிதம் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுப்பது. பிறகு மெமரி கார்டைக் கழற்றுவது. பிறகு கூகள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியேறுவது. 2019-க்கு முந்தைய மலிவு ஆண்ட்ராய்டாக இருந்தால், பாதுகாப்பு அமைப்பில் மறையாக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதைப் போட்டுவிட்டு, கடைசியில் அமைப்புகளுக்குள் போய் ரீசெட். வாங்குகிறவர் பக்கத்தில் ஒரே வேலை: காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதை எழுப்பி, முகப்புத் திரை வரும்வரை பார்ப்பது. பழைய கணக்கு கேட்டால் வாங்கவேண்டாம்.

பெட்டியிலிருந்து எடுத்த நாளுக்கு எந்தக் கருவியும் திரும்புவதில்லை. பழைய சொந்தக்காரர் ஏதோ ஒரு வடிவத்தில் அதில் இருந்துகொண்டே இருப்பார். தேய்ந்த பேட்டரியாக, மூலையில் விழுந்த கீறலாக, சில சமயம் ஒரு பூட்டாக. 1957-இல் எதை எரிப்பது என்று முடிவெடுத்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நூற்றெண்பது வெள்ளி டேப்லெட்டில் அந்த முடிவு நம்முடையது. பாட்டியின் குரல் வேறெங்காவது இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்கமாட்டார், அவருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். பொத்தானை அழுத்துவதற்கு முன் அதைக் கேட்க வேண்டியவர் விற்கிறவர்தான்.